இறக்கைப் பெட்டியின் அதிர்வுக் கணக்குக்கு பீம் மாடல் எதுவரை தாங்கும்?

#1 நெடுவரை

எல்லோருக்கும் வணக்கம். எம்.டெக். இரண்டாம் வருடம் படிக்கிறேன். ப்ராஜெக்டுக்காக ஓர் எளிய இறக்கைப் பெட்டியின் (விமான இறக்கைக்குள் சுமை தாங்கும் மூடிய பெட்டி) இயல் அதிர்வெண்களைக் கணக்கிட வேண்டும். அலுமினியம். நீளம் 1.5 மீட்டர், அகலம் 400 மி.மீ., உயரம் 100 மி.மீ. மேல் தகடு, கீழ்த் தகடு, பக்கச் சுவர் எல்லாமே 1 மி.மீ. தடிமன். நான்கு மூலையிலும் 100 ச.மி.மீ. பரப்புள்ள ஸ்பார் கேப் (நீளவாக்கில் ஓடும் மூலைக் கம்பி). 500 மி.மீ.க்கு ஒரு ரிப் (குறுக்குத் தடுப்பு). ஒரு முனையை இறுகப் பிடித்திருக்கிறேன், மறுமுனை சும்மா நிற்கிறது. ஸ்ட்ரிங்கர் (தகட்டோடு நீளவாக்கில் சேர்க்கும் வலுவூட்டும் பட்டை) இன்னும் வைக்கவில்லை.

பெட்டி முழுவதையும் ஒரே கம்பியாக எண்ணி 20 எலிமென்ட்டாக (துண்டாக) பிரித்த பீம் மாடலில் முதல் வளைவு மோடு (அதிரும் வடிவம்) 60 ஹெர்ட்ஸ். அதையே தகடு தகடாக எழுதும் ஷெல் மாடலாகப் போட்டு ஓடவிட்டால் முதல் ஆறு மோடும் 30-க்கும் 40-க்கும் நடுவே விழுகின்றன. ஆறிலும் பெட்டி அசையவே இல்லை, தகடு மட்டும் உப்பி அடங்குகிறது. வளைவு மோடு அதற்கு அப்புறம்தான் வருகிறது, அதுவும் வேறு தகட்டு மோடுகளோடு கலந்து.

கைடு பீம் போதும் என்கிறார். லேப் சீனியர் பீமைத் தூக்கிப் போடு என்கிறார். போதாக்குறைக்கு முறுக்கு மோடு பீமில் 520, ஷெல்லில் 210 பக்கம். யார் சொல்வதைக் கேட்பது?

#2 ஸ்பார்காரர்

தம்பி, முதலில் அந்த 520-ஐ முடித்துவிடுவோம், அது பீம் கோட்பாட்டின் குற்றம் இல்லை. முறுக்கு மாறிலி ஜே இருக்க வேண்டிய இடத்தில் துருவ நிலைமத் திருப்புத்திறன் போய் உட்கார்ந்திருக்கிறது. வட்டக் குறுக்குவெட்டுக்கு மட்டும்தான் இரண்டும் ஒன்று. மூடிய மெல்லிய சுவர்ப் பெட்டிக்கு பிரெட் சூத்திரம்: உள்பரப்பின் வர்க்கத்தை நான்கால் பெருக்கி, சுற்றளவை தடிமனால் வகுத்து வருவதால் வகுக்க வேண்டும். உங்களுக்குப் பரப்பு 0.04 ச.மீ., சுற்றளவு 1 மீ., தடிமன் 1 மி.மீ. ஜே 6.4×10⁻⁶ மீ⁴ வரும். துருவத் திருப்புத்திறன் 37.8×10⁻⁶. கிட்டத்தட்ட ஆறு மடங்கு வித்தியாசம், அதிர்வெண்ணில் அதன் வர்க்கமூலம். திருத்திப் போட்டால் 214 வரும், ஷெல்லோடு ஒத்துப்போகும்.

அடுத்தது ஷியர் (வெட்டு விசையால் வரும் சறுக்கல்). ஆய்லர்–பெர்னூலி பீமில் ஷியர் உருமாற்றம் கிடையாது. டிமோஷென்கோ 1921-இல் அதைச் சேர்த்தார். ஆனால் பாடப்புத்தகத்தில் வரும் 5/6 என்ற திருத்தக் காரணி திடமான செவ்வகத்துக்கு உரியது. உங்கள் பெட்டியில் செங்குத்து ஷியரைச் சுமப்பது இரண்டு பக்கச் சுவர்கள் மட்டுமே, 200 ச.மி.மீ. மொத்தப் பரப்பு 1400. ஆக காரணி 0.14 பக்கம். முதல் வளைவு மோடில் இது 3 சதவீதம்தான் குறைக்கும், கண்டுகொள்ளாமல் விடலாம். இரண்டாவது மோடில் 15 சதவீதம் அளவுக்குப் போகும். 378 என்று ஆய்லர் பீம் சொல்வதை நம்பி இறங்காதீர்கள்.

இந்த இரண்டையும் சரி செய்த பிறகு பீம் மாடல் பெட்டியின் ஒட்டுமொத்த வளைவையும் முறுக்கையும் ஒழுங்காகவே சொல்லும். தகடு உப்புவதை அது சொல்லாது. குறுக்குவெட்டு தன் வடிவத்தை மாற்றாது என்று நாம்தானே அதற்குச் சொல்லி வைத்தோம்.

#3 அரைக்கீரை

இந்தக் காலத்தில் பீம் மாடலுக்கு எதற்கு இவ்வளவு வக்காலத்து? 10 மி.மீ. மெஷ் (கட்ட வலை) போட்டால் சுற்றுக்கு 100 நோடு (வலையின் புள்ளி), நீளத்தில் 151. மொத்தம் 15,100 நோடு, நோடுக்கு ஆறு அசைவு மாறி என்று 90,600 டி.ஓ.எஃப். சாதாரண லேப்டாப்பே முதல் ஐம்பது மோடை டீ ஆறுவதற்குள் கொடுத்துவிடும். பீம் எல்லாம் கணினி நினைவகம் கிலோபைட்டில் இருந்த காலத்துச் சரக்கு. சீனியர் சொன்னதுதான் சரி.

#4 ஸ்பார்காரர்

ஒரு பெட்டியை ஒரு தடவை ஓட்டுவதென்றால் நீங்கள் சொல்வது சரி. ஃபிளட்டர் (காற்றோட்டத்தால் இறக்கையின் அதிர்வு தானே பெருகுவது) கணக்கில் எரிபொருள் நிறை மாற, உயரம் மாற, வேகம் மாற ஆயிரக்கணக்கான தடவை ஓட்டுவார்கள். தொடக்க வடிவமைப்பில் தகட்டின் தடிமனே இன்னும் முடிவாகியிருக்காது. அங்கே 126 டி.ஓ.எஃப். உள்ள பீமை அடித்துக்கொள்ள இன்றும் ஆள் இல்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. எஃப்.இ.எம். (பொருளைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும் முறை) பிறந்ததே இந்தச் சண்டையில்தான். 1952 கோடையில் ரே கிளஃப் போயிங்கின் கட்டமைப்பு இயக்கவியல் பிரிவுக்குப் போகிறார், டர்னர் தலைமையில் வேலை. டெல்டா இறக்கையின் விறைப்பைக் கண்டுபிடிக்க வேண்டும், ஃபிளட்டர் கணக்குக்காக. முதலில் பீம்களைக் கோத்து ஒரு மாடல் போட்டார்கள். சிறு மாதிரியில் அளந்ததோடு அது ஒத்துவரவில்லை. அப்புறம்தான் தகட்டையே முக்கோணங்களாகவும் செவ்வகங்களாகவும் துண்டுபோட்டு விறைப்பைச் சேர்க்கும் யோசனை. டர்னர், கிளஃப், மார்ட்டின், டாப் நால்வரும் 1956-இல் அதை வெளியிட்டார்கள். 'ஃபைனைட் எலிமென்ட்' என்ற பெயரையே கிளஃப் 1960-இல்தான் வைத்தார்.

ஆகவே பீமின் எல்லை எங்கே என்பது புதுக் கேள்வி இல்லை. நீண்டு மெலிந்த இறக்கையில் பீம் ஓடும், அகன்று குட்டையான டெல்டாவில் ஓடாது. நெடுவரையின் பெட்டி நீளத்துக்கு அகலம் நாலில் ஒன்று, நடுவில் நிற்கிறது.

#5 கணக்கன்

எல்லோரும் மென்பொருளையே பேசுகிறீர்கள். ஒரு காகிதம் எடுத்தால் பத்து நிமிட வேலை.

இரண்டு ரிப்புக்கும் இரண்டு சுவருக்கும் நடுவே உள்ள தகடு 400×500 மி.மீ. நான்கு விளிம்பிலும் வெறுமனே தாங்கப்பட்டது என்று வையுங்கள். 1 மி.மீ. அலுமினியத்துக்கு முதல் அதிர்வெண் 25 ஹெர்ட்ஸ். நீள விளிம்பு இரண்டையும் இறுக்கிப் பிடித்ததாக வைத்தால் 41. உண்மை இரண்டுக்கும் நடுவே. ஏனென்றால் பக்கச் சுவரும் கேப்பும் ஓரளவுதான் திரும்பவிடும். மூன்று ரிப் இடைவெளி, மேலும் கீழுமாக ஆறு தகடு. நெடுவரை பார்த்த ஆறு மோடு இந்த ஆறுதான். ஷெல் மாடல் பொய் சொல்லவில்லை.

இப்போது வேடிக்கை. மேலே மூன்று, கீழே மூன்று ஸ்ட்ரிங்கர் வையுங்கள், 20×20×1 மி.மீ. எல் வடிவம், ஒவ்வொன்றும் 39 ச.மி.மீ. பீம் மாடலில் பரப்பும் கூடுகிறது, நிலைமத் திருப்புத்திறனும் கிட்டத்தட்ட அதே விகிதத்தில் கூடுகிறது. ஸ்ட்ரிங்கரின் மையம் தகட்டின் தளத்திலேயே இருப்பதாக வைத்தால் முதல் வளைவு மோடு 60.2-லிருந்து 60.7 ஆகிறது. அவ்வளவுதான்! பீமைக் கேட்டால் ஸ்ட்ரிங்கர் வெறும் வீண் எடை என்று சொல்லும்.

தகட்டைக் கேளுங்கள். 400 மி.மீ. அகலம் 100, 100 ஆகப் பிரிந்துவிட்டது. 100×500 தகட்டின் அதிர்வெண் 254. பத்து மடங்கு. 15 கிலோ எண்ணெய் டின்னின் பக்கத்தில் வரிவரியாக அழுத்தி வைத்திருக்கிறார்களே, அதே வேலைதான்.

ஸ்ட்ரிங்கர் எதற்காக வைக்கப்படுகிறதோ அந்த விளைவு முழுவதும் பீம் மாடலின் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடக்கிறது. வலுவூட்டிய கட்டமைப்புக்கு பீம் என்றால் இந்தச் சங்கடத்தைத்தான் முதலில் பேச வேண்டும், டி.ஓ.எஃப். எண்ணிக்கையை அல்ல.

#6 நட்டு_போல்ட்டு

> 100×500 தகட்டின் அதிர்வெண் 254. பத்து மடங்கு.

கணக்கன் அண்ணே, கொஞ்சம் பொறுங்கள். ஸ்ட்ரிங்கர் அசையாமல் நின்றால்தான் 254. அந்த எல் துண்டு என்ன இரும்பு ரயில் தண்டவாளமா? ரிப்புக்கு ரிப் 500 மி.மீ. தாண்டுகிறது, தகட்டையும் தூக்கிக்கொண்டு அதுவும் வளையும்.

ஒரு ஸ்ட்ரிங்கரும் அதன் பங்குக்கு 100 மி.மீ. தகடும் சேர்ந்த துண்டை எடுங்கள். கூட்டுக் குறுக்குவெட்டின் நிலைமத் திருப்புத்திறன் சுமார் 2,520 மி.மீ.⁴. ஒரு சதுர மீட்டருக்கு நிறை 3.75 கிலோ. ரிப்பில் வெறுமனே தாங்கியதாக வைத்தால் 137 ஹெர்ட்ஸ் பக்கம். அதாவது தகடும் மூன்று ஸ்ட்ரிங்கரும் ஒன்றாக எழும்பி இறங்கும் மோடுதான் முதலில் வரும். ஸ்ட்ரிங்கர்களுக்கு நடுவே தகடு தனியாக மடிவது அதற்கு வெகு மேலே.

254 வேண்டுமென்றால் ஸ்ட்ரிங்கரின் உயரத்தைக் கூட்ட வேண்டும், அல்லது ரிப் இடைவெளியைக் குறைக்க வேண்டும். இடைவெளியைக் குறைத்தால் பலன் வேகமாகக் கிடைக்கும், அதிர்வெண் அதன் வர்க்கத்துக்கு எதிராகப் போகிறது.

இன்னொரு வம்பு. மேலே சொன்ன 2,520-இல் ஆஃப்செட் இருக்கிறது. ஸ்ட்ரிங்கரின் மையம் தகட்டின் நடுத்தளத்திலிருந்து 5.9 மி.மீ. தள்ளி இருக்கிறது. ஷெல் நோடிலேயே பீம் எலிமென்டை ஒட்டிவிட்டு ஆஃப்செட் கொடுக்க மறந்தால், ஸ்ட்ரிங்கர் தன் மையத்தைப் பற்றியே வளையும். 1,560தான் கிடைக்கும். 137 இறங்கி 107 ஆகிவிடும். மென்பொருள் எச்சரிக்கை எதுவும் தராது, படமும் அழகாகவே இருக்கும்.

#7 கணக்கன்

137 ஒப்புக்கொள்கிறேன். 25-லிருந்து 137, பீமில் 60.2-லிருந்து 60.7. வாதம் அப்படியே நிற்கிறது.

#8 நெடுவரை

மிக்க நன்றி. ஜே மாற்றினேன், முறுக்கு 214 வந்துவிட்டது. ஸ்ட்ரிங்கரை ஷெல்லோடு பீம் எலிமென்டாகத்தான் சேர்க்கப் போகிறேன். ஆஃப்செட் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடுமா? ஒரு ரிப் இடைவெளிக்கு எத்தனை எலிமென்ட் வைப்பது?

#9 நட்டு_போல்ட்டு

ஆஃப்செட் கொடுத்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மீதிப் பாதி இது.

வழக்கமான பீம் எலிமென்டில் குறுக்கு இடப்பெயர்ச்சி மூன்றாம் படிப் பல்லுறுப்புக்கோவை, அச்சு இடப்பெயர்ச்சி நேர்கோடு. ஆஃப்செட் வைத்தவுடன் ஸ்ட்ரிங்கரின் அச்சு இடப்பெயர்ச்சியில் சாய்வு × ஆஃப்செட் தூரம் என்று ஒரு பங்கு வந்து சேர்கிறது. சாய்வு இரண்டாம் படி. நேர்கோட்டால் இரண்டாம் படியைப் பிடிக்க முடியாது, அதனால் எலிமென்ட் இல்லாத விறைப்பைக் காட்டும். 1977-லேயே இதைப் பற்றி எழுதிவிட்டார்கள், இன்னும் ஆட்கள் மாட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். மருந்து எளிது: மெஷ்ஷைப் பொடியாக்குவது. ரிப் இடைவெளிக்கு ஒன்றிரண்டு எலிமென்ட் வைத்தால் தவறு தெரியும், எட்டு பத்து வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். இரண்டு மடங்காக்கி ஒருதரம் ஓட்டி, எண் நகர்கிறதா என்று பாருங்கள்.

நாஸ்ட்ரான் மென்பொருள் என்றால் இன்னொன்று. அதன் சிபார் (CBAR) எலிமென்ட், ஷியர் மையமும் (முறுக்காமல் வளைக்க விசை கொடுக்க வேண்டிய புள்ளி) நடுநிலை அச்சும் ஒரே இடம் என்று எடுத்துக்கொள்ளும். எல் வடிவத்துக்கு ஷியர் மையம் மூலையில் இருக்கிறது, மையமோ உள்ளே. வளைந்தால் கூடவே முறுக்கும். அது வேண்டுமென்றால் சிபீம் (CBEAM) எலிமென்ட் போட வேண்டும். உங்கள் கேள்விக்கு இது சில சதவீத விஷயம், ஆனால் ஸ்ட்ரிங்கர் சாய்ந்து விழும் மோடு தேவைப்பட்டால் சிபீமும் போதாது, எல்-ஐயே ஷெல்லாக மெஷ் செய்ய வேண்டியதுதான்.

#10 வெளிவட்டம்

பீம் என்றால் ஆய்லர், டிமோஷென்கோ இரண்டோடு கதை முடிந்துவிட்டது என்று எல்லோரும் பேசுகிறீர்கள். கடந்த இருபது வருடத்தில் இந்தத் துறையில் நடந்த உருப்படியான வேலை இங்கே வரவே இல்லையே.

தூரின் பாலிடெக்னிக்கில் எராஸ்மோ கரேராவின் குழு செய்தது இது. பீம் அச்சில் எஃப்.இ.எம். அப்படியே இருக்கட்டும். குறுக்குவெட்டு எப்படி உருமாறலாம் என்பதை மட்டும் நாம் வேண்டிய அளவு வளமாக்கலாம். குறுக்குவெட்டின் இரு ஆயங்களில் டெய்லர் தொடராக இடப்பெயர்ச்சியை எழுதுகிறார்கள். முதல் படி என்றால் நோடுக்கு 9 டி.ஓ.எஃப்., இரண்டாம் படி 18, மூன்றாம் படி 30, நான்காம் படி 45. எந்தப் படியானாலும் விறைப்பு அணியைக் கட்டும் அடிப்படைக் கரு ஒன்றுதான், நிரலை மாற்றி எழுத வேண்டாம். ஆய்லரும் டிமோஷென்கோவும் இதில் முதல் படியின் சிறப்பு நிலைகள்.

ஸ்பார்காரர் ஐயா சொன்ன 520-ஐ இங்கே பொருத்திப் பாருங்கள். முதல் படியில் குறுக்குவெட்டு தளம் தளமாகவே திரும்பும், வார்ப்பிங் (குறுக்குவெட்டு தன் தளத்தை விட்டு நீளவாக்கில் நெளிவது) இல்லை. ஆகவே முறுக்கில் துருவத் திருப்புத்திறன்தான் வரும், நெடுவரைக்கு வந்த அதே 520. கேப் இல்லாத, ஒரே தடிமன் உள்ள செவ்வகப் பெட்டியின் வார்ப்பிங் இரண்டு ஆயங்களின் பெருக்கல்தான். அது இரண்டாம் படி உறுப்பு. அதைச் சேர்த்த மாத்திரத்தில் பிரெட் சூத்திரத்தின் ஜே அப்படியே கிடைத்துவிடும், கையாலேயே செய்து பார்க்கலாம். மூலையில் கேப் கனமாக இருந்தால் இரண்டாம் படி போதாது, இன்னும் மேலே போக வேண்டும்.

முதல் படியில் முப்பரிமாணப் பொருள் சமன்பாட்டை அப்படியே போட்டால் பாய்சன் லாக்கிங் (பக்கவாட்டுச் சுருக்கம் தடைபட்டு இல்லாத விறைப்பு தெரிவது) வரும், அதற்குத் தனித் திருத்தம் தேவை. முதல்முறை நிரல் எழுதுகிறவர்கள் அங்கே சறுக்குவார்கள்.

வலுவூட்டிய கட்டமைப்புக்கு டெய்லரை விட லக்ராஞ்ச் வகை பொருத்தம். குறுக்குவெட்டையே 4 நோடு, 9 நோடு துண்டுகளாகப் பிரித்து, தகடு ஒரு துண்டு, ஸ்ட்ரிங்கர் ஒரு துண்டு, கேப் ஒரு துண்டு என்று ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியே வைக்கிறார்கள். எல்லா டி.ஓ.எஃப்.களும் இடப்பெயர்ச்சி மட்டுமே, சுழற்சி கிடையாது. துண்டுக்குத் துண்டு நோடிலேயே ஒட்டிக்கொள்ளும். ஆஃப்செட், கற்பனை இணைப்பு எதுவும் வேண்டாம். நட்டு_போல்ட்டு சொன்ன வம்பு வேரோடு போய்விட்டது.

#11 அரைக்கீரை

கேட்க நன்றாக இருக்கிறது. நெடுவரையின் பெட்டிக்கு எத்தனை டி.ஓ.எஃப். என்று சொல்லுங்கள், பார்ப்போம்.

#12 வெளிவட்டம்

மறைக்க ஒன்றும் இல்லை. நீளத்தில் 10 எலிமென்ட், நான்கு நோடு வகை, ஆக 31 நோடு. டெய்லர் நான்காம் படி என்றால் 1,395. ஸ்ட்ரிங்கர் இல்லாத பெட்டியைச் சுற்றி 40 துண்டு, 9 நோடு வகை என்றால் குறுக்குவெட்டில் 240 நோடு, நோடுக்கு மூன்று, மொத்தம் 22,320.

உங்கள் 90,600-இல் நாலில் ஒன்றுதான். ஆயிரம் மடங்கு மிச்சம் என்று யாராவது சொன்னால் டெய்லரின் எண்ணிக்கையை வைத்துக்கொண்டு லக்ராஞ்சின் துல்லியத்தைக் காட்டுகிறார்கள் என்று அர்த்தம். நான்காம் படி டெய்லர் முழு அகலத் தகடு உப்புவதை ஓரளவு தொடும், அதுவும் அதிக விறைப்போடு. ஸ்ட்ரிங்கருக்கு ஸ்ட்ரிங்கர் நடுவே மடியும் அலையைத் தொடவே தொடாது.

எனக்கு இதில் பிடித்தது டி.ஓ.எஃப். சிக்கனம் இல்லை. ஒரே மாடலில் வேர்ப்பக்கம் வளமாக, நுனிப்பக்கம் எளிமையாக, நோடுக்கு நோடு கோட்பாட்டையே மாற்றிக்கொள்ளலாம். அதிர்வில் எந்தப் பகுதி எந்த மோடுக்குக் காரணம் என்று பிரித்துப் பார்க்கவும் வசதி. ரிப் வரும் இடத்தில் அதன் தடிமன் நீளத்துக்கு ஒரு குட்டி பீம் எலிமென்ட், குறுக்குவெட்டு முழுக்க நிரம்பியதாக. முதலில் பார்க்க அபத்தமாக இருக்கும், வேலை செய்யும்.

#13 ஸ்பார்காரர்

வெளிவட்டம் நேர்மையாக எண்ணைச் சொன்னதற்கு ஒரு வணக்கம்.

பீம் எங்கே காலை வாரும் என்பதற்கு என் வகுப்புகளில் நான் சொல்வது சாட்டர்ன் 5 கதை. 110 மீட்டர் உயர ராக்கெட். நீண்டு மெலிந்தது, பீமுக்கென்றே அளவெடுத்துச் செய்ததுபோல. நாசாவின் லாங்லி மையத்தில் பத்தில் ஒரு பங்கு மாதிரி செய்து அதிரவிட்டுப் பார்த்தார்கள். 1966–67-இல் ஹன்ட்ஸ்வில்லில் மார்ஷல் மையத்தின் கோபுரத்தில் முழு அளவு வாகனத்தையே நிறுத்தி அதிர்வுச் சோதனை நடந்தது. வாகனத்தின் ஒட்டுமொத்த வளைவு மோடுகளை பீம் கணக்கு ஒழுங்காகவே சொல்லியிருந்தது.

சிக்கல் ஒரு சின்னத் தகட்டில். வழிகாட்டுக் கட்டுப்பாட்டுக்கு ரேட் கைரோ வேண்டும். அது அளப்பது அது உட்கார்ந்திருக்கும் இடத்தின் சாய்வு மாறும் வேகத்தை. பீம் மாடலைப் பொறுத்தவரை அந்த உயரத்தில் குறுக்குவெட்டுக்கு ஒரே ஒரு சாய்வுதான். சோதனையில் பார்த்தால் கைரோவைத் தாங்கும் தகடு தனியே வளைகிறது, அந்த இடத்துச் சாய்வு பீம் சொன்னதைவிட வெகு அதிகம். அதிர்வெண் சரி, மோடு வடிவமும் மொத்தத்தில் சரி, கட்டுப்பாட்டுக் கருவி பார்க்கும் எண் மட்டும் தப்பு. அப்படியே பறந்திருந்தால் கட்டுப்பாட்டு வளையம் தவறான சாய்வை நம்பி இயங்கியிருக்கும். கைரோவை அதே தகட்டின் அடிப்பகுதிக்கு மாற்றினார்கள்.

அதனால் மாடலைத் தேர்ந்தெடுக்கும் முன் கேட்க வேண்டியது 'எத்தனை மோடு' அல்ல, 'எந்த இடத்தில் என்ன அளவை யார் பயன்படுத்தப் போகிறார்கள்' என்பதுதான். ஃபிளட்டர்க்காரருக்கு வளைவும் முறுக்கும் கொடுத்தால் போதும். ஒலியால் தகடு களைத்து விரிசல் விடுமா என்று பார்ப்பவருக்கு அந்த இரண்டும் எதற்கும் ஆகாது, அவருக்குத் தகட்டு மோடு வேண்டும். கைரோக்காரருக்கு ஒரு புள்ளியின் சாய்வு.

#14 நெடுவரை

ஐயா, எனக்கு ஃபிளட்டர்தான் அடுத்த கட்டம். அப்படியானால் வளைவும் முறுக்கும் போதும். ஆனால் ஒப்பிட்டுக் காட்டச் சொல்கிறார்களே! ஷெல் பட்டியலில் இத்தனை தகட்டு மோடுகளுக்கு நடுவே பீமின் மோடு எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொன்றாக அனிமேஷன் பார்த்துக் கண் வலிக்கிறது.

#15 கணக்கன்

அனிமேஷன் கடைசி வேலை. முதலில் செயல்திறன் நிறை (எஃபெக்டிவ் மாஸ்: ஒரு திசையில் ஒரு மோடு மொத்த நிறையில் எவ்வளவைப் பிடிக்கிறது என்பது) அட்டவணையைக் கேளுங்கள், எல்லா மென்பொருளும் தரும். ஒரே சீரான கான்டிலீவருக்கு (ஒரு முனை மட்டும் பிடித்த பீம்) முதல் வளைவு மோடு மொத்த நிறையில் 61.3 சதவீதத்தைப் பிடிக்கும், இரண்டாவது 18.8, மூன்றாவது 6.5. தகட்டு மோடுகளில் தகட்டின் நிறையில் ஒரு பங்குதான் அசைகிறது, மேலும் கீழும் எதிரெதிராக உப்பினால் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு பூஜ்யத்துக்குப் பக்கமாகப் போய்விடும். செங்குத்துத் திசையில் 50-க்கு மேல் எந்த வரியில் தெரிகிறதோ அதுதான் உங்கள் வளைவு மோடு. இரண்டு வரிகளில் பிரிந்து 35, 25 என்று நின்றால் தகட்டு மோடு அதற்கு மிக அருகில் வந்து கலந்திருக்கிறது என்று பொருள். ஸ்ட்ரிங்கர் வைத்ததும் கலப்பு போய்விடும், தகடு 137-க்கு ஏறிவிடுகிறதே.

முறுக்குக்குச் சுழற்சி நிறையைப் பாருங்கள். அப்புறம் மேக் (MAC, மோடல் அஷ்யூரன்ஸ் க்ரைட்டீரியன்) எண், 1982-இல் ஆல்மாங்கும் பிரவுனும் கொடுத்தது. இரண்டு மோடு வடிவங்கள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்பதை 0-க்கும் 1-க்கும் நடுவே சொல்லும். கவனம் ஒன்று: ஷெல்லின் எல்லா நோடுகளையும் போட்டு மேக் எடுக்காதீர்கள், தகட்டின் சிறு நடுக்கம் எண்ணைக் கெடுத்துவிடும். ரிப்பின் மூலை நோடுகளை மட்டும் எடுத்து, பீமில் அதே இடத்தின் அசைவோடு ஒப்பிடுங்கள். ரிப் இருக்கும் இடத்தில்தான் குறுக்குவெட்டு உண்மையாகவே தன் வடிவத்தைக் காப்பாற்றுகிறது.

#16 தட்டிப்பார்

நான் சோதனைக்கூடத்து ஆள், மாடல் சண்டையில் எனக்குப் பங்கில்லை. இந்தப் பெட்டியை நிஜமாகவே செய்து அளக்கப் போகிறீர்கள் என்றால் ஒரு விஷயம்.

சாதாரண ஆக்ஸிலரோமீட்டர் (அதிர்வு அளக்கும் சென்சார்) ஒன்று, கேபிளோடு 10 கிராம் என்று வையுங்கள். 100×500 தகட்டின் நிறையே 135 கிராம். முதல் மோடில் அசையும் பங்கு அதில் நாலில் ஒன்று, 34 கிராம். அதன் நடுவில் 10 கிராமை மெழுகால் ஒட்டினால் அதிர்வெண் 12 சதவீதம் கீழே போய்விடும். நீங்கள் அளப்பது தகட்டை அல்ல, தகடும் சென்சாரும் சேர்ந்ததை. ஒரு கிராம் வகை சென்சார் வாங்குங்கள், முடிந்தால் தொடாமலே அளக்கும் லேசர் வைப்ரோமீட்டரை இரவல் கேளுங்கள். எதுவும் இல்லையென்றால் சென்சாரை ரிப்பின் மேல் ஒட்டிவிட்டு சுத்தியலால் தகட்டில் தட்டுங்கள், ரிப்பின் மேல் அந்த எடை ஒன்றும் செய்யாது. ரிப்பில் தகட்டு மோடின் அசைவு குறைவு, அதனால் சிகரம் சின்னதாகத் தெரியும், ஆனால் சரியான இடத்தில் தெரியும்.

அப்புறம் வேர்ப்பக்கம். கணினியில் 'இறுகப் பிடித்தது' என்று ஒரு டிக் அடித்துவிடலாம். கூடத்தில் அது ஒரு கோணத்தட்டும் எட்டு போல்ட்டும். முதல் வளைவு மோடு கணக்கை விடச் சில ஹெர்ட்ஸ் குறைவாக வந்தால் பீம் கோட்பாட்டைச் சந்தேகிக்கும் முன் அந்தத் தட்டைச் சந்தேகியுங்கள். பெட்டியை அதிரவிட்டு, தட்டின் மேலேயே இன்னொரு சென்சார் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

#17 அரைக்கீரை

வேர்ப்பக்கம் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு. அங்கே ஒரு சுழல் ஸ்பிரிங் வைத்துச் சரிசெய்ய வேண்டும் என்றால் பீம் மாடல்தான் வசதி என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். மற்றபடி ஷெல்தான், மாற்றமில்லை.

#18 நெடுவரை

எல்லோருக்கும் நன்றி. இப்படிச் செய்யப் போகிறேன்: ஜே, ஷியர் காரணி இரண்டையும் திருத்திய டிமோஷென்கோ பீமை ஃபிளட்டருக்கு வைத்துக்கொள்கிறேன். ஸ்ட்ரிங்கரோடு ஒரு ஷெல் மாடல், ஆஃப்செட் வைத்தும் வைக்காமலும், 137-க்கும் 107-க்கும் எவ்வளவு பக்கத்தில் வருகிறது என்று பார்க்க. நேரம் இருந்தால் வெளிவட்டம் சொன்ன இரண்டாம் படி டெய்லரை கேப் இல்லாத பெட்டிக்கு நானே எழுதிப் பார்க்கிறேன்.

கடைசியாக ஒன்று. ஸ்ட்ரிங்கரைத் தகட்டோடு ரிவெட் அடித்துத்தான் சேர்க்கப் போகிறோம், ஒட்டவில்லை. மாடலில் தொடர்ச்சியாக ஒட்டியதாகத்தானே வருகிறது. பாதிக்குமா?

#19 நட்டு_போல்ட்டு

ரிவெட்டுக்கு ரிவெட் 25 மி.மீ. வைத்தால் 500 மி.மீ. அரை அலைக்குள் இருபது ரிவெட் விழுகிறது, முதல் சில மோடுகளுக்குத் தொடர்ச்சி என்றே எடுத்துக்கொள்ளலாம். 100 மி.மீ. தள்ளித் தள்ளி அடித்தால் நடுவே தகடு ஸ்ட்ரிங்கரை விட்டுப் பிரிந்து படபடக்கும், தொடர்ச்சியாக ஒட்டியதாக வைத்த எந்த மாடலிலும் அது வராது.

ரிவெட்டை விட தட்டிப்பார் சொன்ன எட்டு போல்ட்டைக் கவனியுங்கள். டார்க் ரெஞ்ச் கொண்டு எல்லாவற்றையும் ஒரே அளவுக்கு இறுக்கி, அந்த எண்ணை நோட்டில் எழுதிவிட்டு முதல் தட்டைத் தட்டுங்கள். இருபது தட்டு தட்டிய பிறகு திரும்ப ஒருதரம் ரெஞ்சைப் போட்டுப் பாருங்கள், ஒன்றிரண்டு நிச்சயம் தளர்ந்திருக்கும்.